புதுப்பிப்பு: இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி தெரியாத சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டது இதுதான்: காரைக்குடியில் ஒரு கல்லூரி மாணவரின் ஏசர் லேப்டாப், 11ஆம் தலைமுறை இன்டெல். விண்டோஸுடன் சேர்த்து ஏற்ற வேண்டிய உபுண்டு (லினக்ஸ்) பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது, ஆனால் 512 ஜிபி எஸ்எஸ்டி இன்ஸ்டாலர் பட்டியலிலேயே இல்லை. பென்டிரைவை மாற்றியும், செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) அணைத்தும் பலனில்லை.

காரணம் விஎம்டி, அதாவது எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு. அது ஆனில் இருந்தால் எஸ்எஸ்டி (என்விஎம்இ டிரைவ்) இன்டெல் ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் போய், இன்ஸ்டாலருக்குத் தெரியாமல் போய்விடும். பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) விஎம்டி வரி சும்மா கண்ணில் படாது. எஃப்2 தட்டி உள்ளே போய், மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால்தான் வரும்.

அவசரப்பட்டு அணைத்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் பிட்லாக்கரின் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள் (அதே லேப்டாப்பில் சேமித்து என்ன பயன்?). பிறகு சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட், நேராக பயாஸ், விஎம்டி ஆஃப், எஃப்10. விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் ஏறி சரியான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். டிக்கை எடுத்துவிடலாம். இப்போது இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி தெரிகிறது.

உபுண்டு ஏறிய பின்னும் லேப்டாப் நேரே விண்டோஸுக்கே போனது. செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்து, சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால், செக்யூரிட்டி பக்கத்தில் மங்கலாக இருந்த 'நம்பகமான யூஇஎஃப்ஐ கோப்பு' வரி திறக்கும். அதில் இஎஃப்ஐ, உபுண்டு ஃபோல்டர்களுக்குள் ஷிம்எக்ஸ்64 கோப்பைத் (உபுண்டுவைத் தொடங்கும் கோப்பு) தேர்ந்தெடுத்து, பூட் வரிசையில் மேலே ஏற்றினால் கிரப் (உபுண்டுவா விண்டோஸா என்று தேர்ந்தெடுக்கும் மெனு) வந்துவிடும். அந்த பாஸ்வேர்டை மறந்தால் சர்வீஸ் சென்டர்தான் கதி.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணையுங்கள், இல்லாவிட்டால் சி டிரைவில் லினக்ஸிலிருந்து எதையும் எழுத முடியாது.