பழைய பெட்ரோல் எஸ்யூவி தேடிய நான்கு மாதம் – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வணக்கம். இங்கே பலர் எழுதியதைப் படித்துத்தான் நான் வண்டி தேடவே இறங்கினேன், அதனால் பார்த்ததை எழுதிவைப்பது கடமை என்று தோன்றியது. வீடு கோவை, சிங்காநல்லூர் பக்கம். மாதம் எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர்தான் ஓட்டம், அதிலும் பாதி ஆபீஸ் போய்வருகிற குட்டி ஓட்டம். இப்படி ஓட்டுகிறவர் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வாங்கினால் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அடைத்துக்கொள்ளும் என்பதால் பெட்ரோல்தான் என்று முதலிலேயே முடிவு. அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்ந்த காரிலிருந்து எழுந்து இறங்க முடிவதில்லை, ஆக உயரமான வண்டி வேண்டும். பட்ஜெட் 8 லட்சம்.

முதலில் பார்த்த வண்டியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊருக்குள் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நின்றது. 2021 மாடல், சிங்கிள் ஓனர், மீட்டரில் 31,000, மற்ற இடங்களை விட ஏறக்குறைய ஒரு லட்சம் குறைவு. டிஎன் 14 நம்பர், அதாவது சோழிங்கநல்லூர். பாலிஷ் போட்டு, உள்ளே வாசனை ஸ்ப்ரே அடித்து, பார்த்தவுடன் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் போல இருந்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டே கிடக்கும் கடைசி ஒரு முழத்தில், பெல்ட்டின் குறுக்கே காய்ந்த டீக்கறை போல ஒரு கோடு. அப்புறம் முன்சீட்டைப் பின்னால் தள்ளி டார்ச் அடித்தார், சீட் ரெயில் போல்ட் நான்கிலும் துரு. டயரில் 0624 என்று இருந்தது. 2024-இன் ஆறாவது வாரத்தில் தயாரான டயர், நான்கும் ஒரே எண். "31,000 ஓடுன வண்டிக்கு எதுக்கு தம்பி நாலு டயரும் மாத்தணும்?" என்று என்னிடம்தான் கேட்டார், ஆனால் கடைக்காரருக்குக் கேட்கிற மாதிரி. பெல்ட் கறையைப் பற்றிக் கடைக்காரர் "அது ஏசி தண்ணி கசிஞ்சதுங்க" என்றார். ஏசி தண்ணீர் சீட் பெல்ட் சுருளுக்குள் எப்படிப் போகும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கமெல்லாம் கார்கள் மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்தக் கார்களில் சில எங்கே போயிருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டி உடனே மக்கர் செய்யாது. வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்து, ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் ஏர்பேக் விளக்கு எரியும், இன்னொரு நாள் ஸ்டார்ட் ஆகாது. எங்கே கோளாறு என்று எந்த மெக்கானிக்காலும் சட்டென்று சொல்ல முடியாது. சென்னை நம்பர் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல், ஸ்டெப்னி குழியைத் தொட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, பொள்ளாச்சியில் ஒரு ரிட்டயர்டு தம்பதியின் 2018 ஈகோஸ்போர்ட். 1.5 பெட்ரோல், 123 பிஎஸ் பவர். ஓட்ட அவ்வளவு நன்றாக இருந்தது, எல்லா சர்வீஸ் பில்லும் ஃபைலில் வரிசையாக. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது தெரிந்ததுதான். நம் மறைமலை நகரில் செய்த வண்டி, சர்வீஸும் தொடர்கிறது. இருந்தாலும் ஒரு ஹெட்லைட்டோ கதவோ போனால் காத்திருக்க வேண்டிவருமே என்ற தயக்கத்தில் விட்டுவிட்டேன். தனியாக இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். வீட்டில் ஒரே கார், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப்போக வேண்டும்.

கடைசியில் வாங்கியது கோபியில் ஒருவரிடம் நேரடியாக, 2020 கடைசியில் எடுத்த விட்டாரா பிரெஸ்ஸா மேனுவல், 46,000 ஓடியது, 7.4 லட்சம். முதல்முறை போனபோது பானெட்டில் கை வைத்தால் சுட்டது, "இப்பத்தான் கடைக்குப் போய்ட்டு வந்தேனுங்க" என்றார். சூடான எஞ்சினில் பேட்டரி சோர்வும் தெரியாது, எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயின் சத்தமும் தெரியாது. மறுநாள் காலை ஆறரைக்குப் போய் வாசலில் நின்றேன். அவரே சாவியைக் கொடுத்தார், ஒரே திருகில் பிடித்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. டயர் 3820, வண்டியோடு வந்த அதே டயர். அதை மாற்ற வேண்டும் என்று காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

பேரம் பேசுவோருக்கு ஒன்று. 2025 செப்டம்பர் 22-இல் புது வண்டிகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு 29-லிருந்து 18 சதவீதம் ஆனது. நெக்ஸான், வென்யூ எல்லாம் அதில் வரும். பிரெஸ்ஸாவுக்கு 1462 சிசி என்பதால் 45-லிருந்து 40 மட்டுமே. புதுசு இறங்கினால் பழசும் இறங்கியாக வேண்டும். பழைய விலையையே சொல்பவரிடம் புது வண்டியின் இன்றைய விலையைக் காட்டிப் பேசுங்கள்.

திருச்சி நண்பர்: பேப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய வண்டிக்கு முந்தைய ஓனர் லோன் கட்டி முடித்துவிட்டார், ஆனால் ஆர்சியில் பேங்க் பெயரை நீக்கவில்லை. ஃபார்ம் 35-ம் என்ஓசியும் (லோன் முடிந்தது, ஆட்சேபணை இல்லை என்கிற பேப்பர்கள்) பேங்கிலிருந்து வாங்கி, ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் லோன் பதிவு, கேன்சல் ஆன பிறகுதானே என் பெயருக்கு மாற்ற முடியும்? பணம் முழுவதும் கொடுத்துவிட்டு மூன்று மாதம் அவர் பின்னாலேயே அலைந்தேன். எம்பரிவாஹன் என்கிற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டால் லோன் இருப்பது தெரிந்துவிடும், சலான் பாக்கியையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். இரண்டும் முடிகிற வரை ஒரு தொகையைக் கையில் நிறுத்திவையுங்கள்.

சேலம் சகோதரி: நான் வாங்கியது டர்போ இல்லாத 1.2 பெட்ரோல். டவுனுக்குள் எந்தக் குறையும் இல்லை. ஏற்காடு ஏறும்போதுதான் தெரிந்தது, 20 கொண்டை ஊசி வளைவு, ஐந்து பேர், ஏசி, பாதி வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. டெஸ்ட் டிரைவுக்கு நான் தனியாகப் போனதுதான் தப்பு, வீட்டோடு போயிருக்க வேண்டும். பிரெஸ்ஸா மலையில் எப்படி? மைலேஜ் என்ன தருகிறது? ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் ஊற்றலாமா?

மறுபடி நான்: சகோதரி, போன ஞாயிறு அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறை போனேன், 40 வளைவு. 138 என்எம் டார்க் (எஞ்சினின் இழுவை) முழுசாக வருவதே 4400 ஆர்பிஎம்மில், அதனால் டீசல் மாதிரி மூன்றாவது கியரில் சோம்பலாக ஏறாது. வளைவுக்கு முன்பே இரண்டாவது போட்டுவிட்டால் திணறாமல் போகிறது. மைலேஜ், கம்பெனி கணக்கு மேனுவலுக்கு லிட்டருக்கு 17.03 கிலோமீட்டர். எனக்கு ஊருக்குள் 12, ஹைவேயில் 16. மைல்டு ஹைப்ரிட் (எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் சின்ன மின் மோட்டார்) அந்த வருட மாடலில் ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான், பெயரைக் கேட்டு மேனுவலுக்கு அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

ஈ20 விஷயத்தில் நமக்கு வேறு வழி இல்லை, பங்க்கில் கிடைப்பதே அதுதான். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் ஈ10-க்கு (10 சதவீதம் எத்தனால்) செய்தவை. மெக்கானிக் அண்ணன் ஃபியூவல் லைன் ரப்பர் ஹோஸையும் சீலையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நேற்று பார்த்தபோது ஹோஸ் முனையில் வெடிப்பு எதுவும் இல்லை. டேங்கைப் பாதியாக வைத்து வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான். உங்கள் ஹோஸையும் ஒருமுறை பார்த்துவிட்டு என்ன நிலையில் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.