அம்மா முகாமில் வளர்ந்தவர், நான் அங்கேயே பிறந்தவன். குடியுரிமைச் சான்றிதழ் எடுப்பது எப்படி?

உப்புவெளியான் எழுதியது:

வணக்கம். எனக்கு 19 வயது, இருப்பது திருகோணமலை உப்புவெளியில். அம்மா 1984இல் திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்தவர். 1990 யுத்தப் பிரச்சினையில் அம்மப்பாவும் அம்மம்மாவும் அவரைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகில் இராமேஸ்வரம் போனார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மண்டபம், அப்புறம் கும்மிடிப்பூண்டி அகதி முகாம். அம்மா படித்தது, தையல் பழகியது, கல்யாணம் கட்டியது எல்லாம் அங்கேதான். அப்பா அந்த ஊர்க்காரர், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்தவர். நான் 2006இல் அங்கே பிறந்தேன்.

அப்பா தவறிய பிறகு, 2015இல் இலங்கைத் துணைத் தூதரகம் கொடுத்த தற்காலிகப் பயணப் பத்திரத்தில் திரும்பி வந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையும் எழுதிவிட்டேன். இப்போது ஐ.சி.க்கு (தேசிய அடையாள அட்டைக்கு) விண்ணப்பம் போட்டால், வெளிநாட்டில் பிறந்தவன் என்பதால் குடியுரிமைச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஐ.சி. இல்லாமல் லைசென்ஸ் எடுக்க வழியில்லை. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை தருவதாகச் சொன்னவர்களும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அம்மாவிடம் ஐ.சி. இருக்கிறது.

ஊரில் ஒருவர், "இங்கே பிறந்ததாகப் பதிந்து தருகிறேன், காசைக் கொண்டு வா" என்கிறார். அம்மாவுக்கு அதில் பாதி மனசு. என் பேச்சில் இன்னும் மெட்ராஸ் வாடை அடிக்கிறது. வாயைத் திறந்தாலே "தம்பி எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். இந்த லட்சணத்தில் திருகோணமலையில் பிறந்தேன் என்று எப்படிச் சொல்வது? யாராவது நேர்வழி சொல்லுங்கள்.

கொட்டியாரத்தான் எழுதியது:

தம்பி, அப்பா இந்தியர் என்றால் நீங்களும் இந்தியர்தானே? இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, இங்கே விசாவில் இருப்பது சுலபம். ஏன் வீண் அலைச்சல்?

பாலையூற்று அக்கா எழுதியது:

கொட்டியாரத்தான் அண்ணா, அது அவ்வளவு லேசில்லை. இந்தியச் சட்டப்படி 2004 டிசம்பர் 3க்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளை குடிமகன் ஆக வேண்டுமானால் தாய், தகப்பன் இரண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் போனவர்களை அங்கே அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். தம்பி பிறந்தது 2006. ஆதார் அட்டை இருந்தாலும் அது குடியுரிமைக்குச் சாட்சியாகாது. ஆகவே இந்தப் பிள்ளைக்கு உறுதியான கரை அம்மாதான்.

தம்பி, என் பிள்ளைகள் இருவரும் வாழவந்தான்கோட்டை முகாமில் பிறந்தவர்கள். இந்த வழியால்தான் அவர்களுக்கு எடுத்தேன். நீங்கள் புதிதாக யாரிடமும் குடியுரிமை இரந்து கேட்கப் போவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் 5(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்திலோ இங்கேயோ பதிந்தால், அந்தப் பிள்ளை வம்சாவளிப் பிரஜை, அதாவது பெற்றோர் வழியால் குடியுரிமை உள்ளவர். முன்பு தகப்பன் வழியாக மட்டும்தான் இது போகும். 2003இல் திருத்தி, தாய் இலங்கையர் என்றாலும் போதும் என்று ஆக்கினார்கள். நீங்கள் அதற்குப் பிறகு பிறந்தவர், அது நல்லதாய்ப் போயிற்று.

பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நியாயமான காரணம் இருந்தால் பிந்தியும் பதியலாம். முகாமில் இருந்ததை விட நியாயமான காரணம் என்ன வேண்டும்? அதை ஒரு கடிதமாக எழுதி, பயணப் பத்திரத்தின் பிரதியையும் முகாம் குடும்ப அட்டையின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். பயணப் பத்திரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். நீங்கள் எந்த நாளில், யாரோடு வந்தீர்கள் என்று காட்ட அதைப் போல வேறொன்று இல்லை.

அந்தக் காசு கேட்கிறவரை வாசலோடு அனுப்புங்கள். உங்கள் இந்தியப் பிறப்புச் சான்றிதழும் அங்கத்தைய பள்ளிக்கூட டி.சி.யும் (மாற்றுச் சான்றிதழும்) உலகத்தில் இருக்கும்வரை இங்கே போடுகிற பொய்ப் பதிவு ஒருநாள் பிடிபடும். அன்றைக்கு அம்மாவும் சேர்ந்து மாட்டுவார்.

உப்புவெளியான் எழுதியது:

அக்கா, பெரிய நன்றி. ஒரு சிக்கல். அம்மாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். முகாம் பதிவிலும் என் பிறப்புச் சான்றிதழிலும் வீட்டில் கூப்பிடுகிற பெயர். அம்மம்மா அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நான் எப்படிக் காட்டுவது?

பாலையூற்று அக்கா எழுதியது:

முகாமில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். உங்கள் கோப்பு நின்றால் இந்த இடத்தில்தான் நிற்கும், அதனால் இதில் நேரம் செலவழியுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கிறது என்று அம்மா சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடிக்கட்டும். அது மட்டும் காணாது. இரண்டு பெயரையும் இணைக்கிற பழைய பத்திரம் ஏதாவது தேடுங்கள். முகாம் அட்டையில் அம்மப்பா, அம்மம்மா பெயர்கள் இருக்கும். அதே பெயர்கள் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பகுதியில் இருந்தால் பெரிய பலம். பெற்றோரின் கல்யாணப் பதிவும் வேண்டும். அங்கே கோயிலில் கட்டிவிட்டுப் பதியாமல் விட்டார்களா? அதை முதலில் அம்மாவிடம் கேளுங்கள்.

உங்கள் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பதிவோடு பெயர் இல்லாத சான்றிதழ் கொடுப்பார்கள், பெயரைப் பிறகு போய்ச் சேர்க்க வேண்டும். என் மூத்தவளுக்கு அப்படித்தான் இருந்தது.

பழைய பதிவாளர் எழுதியது:

இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒரு வார்த்தை. அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று ஒரு கூடு (கட்டம்) இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனாரைப் பற்றியும் கேட்கும். சும்மா அலங்காரத்துக்குப் போட்டதில்லை. 1948க்கு முன் இங்கே பிறந்தவர் பிரஜையா என்று பார்க்க, அவருடைய தகப்பன் இங்கே பிறந்தவரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்ட சட்டம் அது. இந்திய வம்சாவளி மலையக மக்கள் அதில்தான் குடியுரிமை இல்லாமல் அடிபட்டுப் போனார்கள். அம்மா பிறந்தபோது தகப்பன் வழிதான் செல்லும் என்பதால், அம்மப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், இனம் என்ற கூட்டில் என்ன இருக்கிறது? இலங்கைத் தமிழர் என்றால் பிரச்சினை குறைவு. இந்தியத் தமிழர் என்று இருந்தால், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்க 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

உப்புவெளியான் எழுதியது:

இலங்கைத் தமிழர் என்றுதான் இருக்கிறது ஐயா. அம்மப்பா 1946, கும்புறுபிட்டி. அவருடைய சான்றிதழ் கையில் இல்லை. கல்யாணம் பதிவாகித்தான் இருக்கிறது, அம்மாவிடம் கேட்டுவிட்டேன். என் பெயரும் சான்றிதழில் இருக்கிறது.

பழைய பதிவாளர் எழுதியது:

கும்புறுபிட்டி என்றால் குச்சவெளிப் பக்கம். திருகோணமலை 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகத்தில் முதலில் கேளுங்கள், எங்கே தேட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பிறந்த வருடத்துக்கு முன்பின் வருடங்களையும் சேர்த்துக் கொடுங்கள், அந்தக் காலத்தில் பிந்திப் பதிவது சாதாரணம்.

பாலையூற்று அக்கா எழுதியது:

எல்லாம் சேர்ந்த பிறகு பத்தரமுல்லை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவு. புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் பத்திரப் பட்டியலை ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கட்டணத்தையும் கேளுங்கள். இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வி எல்லாம் அவரிடம்தான் வரும். மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் எழும்ப வேண்டாம்.