சூளைத் தட்டுமுட்டு, முள்மணை: இரண்டு சொற்களுக்கான பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

பீங்கான் தொழிற்சொற்களின் வரிசையில், சூளைக்குள் கலங்களைத் தாங்க வைக்கப்படும் பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராக 'உலை அறைகலன்' என்பதைக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். 'கில்ன் ஃபர்னிச்சர்' என்ற ஆங்கிலப் பெயரின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டியதுபோல் அது இருப்பதால் எனக்கு ஒப்புதல் இல்லை. உலை என்றதும் நம் நினைவுக்கு வருபவை கொல்லன் உலையும் சோற்றுக்கு வைக்கும் உலையும்தான். மண்ணைச் சுடும் இடத்துக்குச் சூளை என்ற சொல் வழக்கில் இருக்கிறது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்றவை என்று சொல்லப்படும் சூளையும் சூளைமேடும் உள்ள சென்னையில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை நாம் கைவிடக் கூடாது.

பெயரைத் தேடுமுன் பொருளின் வேலையைப் பார்த்துவிடுவோம். ஊறுகாய் ஜாடிக்கு உரிய ஸ்டோன்வேர் மண், ஏறத்தாழ 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இறுகிக் கல்லைப்போல் ஆகிறது. அதன் மேல் பூசிய கிளேஸ், அதாவது கலத்துக்குப் பளபளப்புத் தரும் மேற்பூச்சு, அந்த வெப்பத்தில் உருகிக் கண்ணாடிக் குழம்பாகிவிடும். குழம்பு எதைத் தொடுகிறதோ அதோடு ஒட்டிக்கொண்டு, சூளை ஆறும்போது அப்படியே இறுகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு பட்டறையில் மட்கலம் வனையப் பழகிவரும் எனக்கு இது கைப்பட்ட பாடம். கிளேஸைத் தடிமனாகப் பூசிய ஒரு கிண்ணத்தில், ஒரு பக்கம் வழிந்த துளி அடிவளையத்தைத் தாண்டி, கலத்தை வைத்திருந்த சூளைத் தட்டைப் பிடித்துக்கொண்டது. ஆசிரியை உளியை வைத்து மெல்லத் தட்டியபோது கிண்ணம் வந்தது. கூடவே தட்டிலிருந்து கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லும் வந்தது. சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கும்வரை அந்த விளிம்பு கையைக் கீறும் கூர்மையோடு இருந்தது.

ஆகவே கலத்தின் பாரத்தைத் தாங்குவது ஒரு வேலை. கலத்தை ஒட்டவிடாமல் காப்பது வேறொரு வேலை. வந்த பரிந்துரைகளில் பெரும்பாலானவை 'தாங்கி' என்று முடிந்து முதல் வேலையை மட்டுமே சொல்கின்றன.

முதல் வேலையைச் செய்பவை பலகைபோன்ற தட்டும், அத்தட்டுகளை அடுக்கடுக்காக உயர்த்திப் பிடிக்கும் முட்டும் ஆகும். வெப்பம் திடீரென மாறினாலும் எளிதில் விரிசல் விடாத கார்டியரைட், அதிகப் பாரம் தாங்கும் சிலிகான் கார்பைடு போன்றவற்றால் இவற்றைச் செய்கிறார்கள். தட்டு, முட்டு என்று இரண்டையும் சேர்த்து எழுதியபோதுதான், வீட்டுச் சாமான்களுக்கு நாம் வழங்கும் 'தட்டுமுட்டு' என்ற சொல் தானாகவே கண்ணில் பட்டது. சூளைக்குள் தட்டையும் முட்டையும் நேராகவே குறித்து, வீட்டுக்குள் சாமான்களையும் கருவி கலங்களையும் குறிக்கும் ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது, புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை. எனவே பொதுப்பெயராகச் 'சூளைத் தட்டுமுட்டு' என்பதை முன்மொழிகிறேன். அது உதவாத பழைய சாமான் என்ற பொருளைத் தராதா என்று சிலர் தயங்கக்கூடும். 'சூளை' என்ற அடை முன்னே நிற்கும்போது அந்தக் குழப்பம் எழாது என்றே நினைக்கிறேன்.

தனி முட்டுக்கு 'முட்டுக்கால்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நடக்கும்போது முழங்கால்கள் உரசிக்கொள்வதற்கு அந்தப் பெயர் முன்பே இருப்பதால் அதைத் தவிர்த்து, 'ஊன்றுகால்' என்று வைக்கலாம். ஒரு தட்டுக்கு மூன்று ஊன்றுகால்கள் கொடுத்தால் ஆட்டம் இராது. மேல்தட்டின் கால்கள் கீழ்த்தட்டின் கால்களுக்கு நேர்மேலே நிற்க வேண்டும்.

இனி, விவாதம் தொடங்கக் காரணமான 'ஸ்டில்ட்' என்னும் சிறு பொருளுக்கு வருகிறேன். மூன்று கைகள் விரித்து, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முள் நிமிர்ந்திருக்கும் இதை 'முக்காலி' என்று பெயரிட்டால், உட்காரும் முக்காலியோடு குழம்பும். நம் வீடுகளில், தானாக நிற்காத உருண்டைப் பானையை வைக்கப் புரிமணை இருந்தது. பேச்சில் பிரிமணை என்போம். காய் நறுக்க அரிவாள்மணை, திருமணத்தில் மணமக்களை அமர்த்த மணை என்று, ஒன்றை இருத்தும் அடித்தளத்துக்கெல்லாம் அந்தச் சொல்லே வருகிறது. முள்ளின் மேல் கலத்தை இருத்துவதால் இது 'முள்மணை' ஆகிறது. கலம் தொடுவது முள்முனையை மட்டுமே என்பதால், ஒட்டாமல் காக்கும் வேலையும் இந்தப் பெயருக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் விளக்கக் குறிப்பில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் சேர்க்கப்பட வேண்டும். முள்மணை பெரிதும் பயன்படுவது, குறைந்த வெப்பத்தில் சுட்டு, நீர் ஊறாமல் இருக்க அடிப்புறமும் கிளேஸ் பூசப்படும் மண்கலங்களுக்கே. ஸ்டோன்வேர் தன் உச்ச வெப்பத்தில் சற்றே இளகுவதால், முட்களின் மேல் நிறுத்தினால் முட்களுக்கு இடையிலுள்ள பகுதி தொய்ந்துவிடக்கூடும். உலோகக் கம்பி முள்ளாக இருந்தால் கம்பியே வளையும். ஸ்டோன்வேரின் உடலே நீரை அதிகம் உறிஞ்சாததால் அடியில் கிளேஸ் பூச வேண்டிய தேவையும் இல்லை. அடிவளையத்தில் மெழுகு தடவிக் கிளேஸ் பிடிக்காமல் செய்து, கலத்தை நேராகத் தட்டின் மேலேயே வைப்பதுதான் பரவலான முறை. விதிவிலக்கும் உண்டு: சீனத்தில் வடக்குச் சொங் அரசர் காலத்து ரூ கலங்கள், அடிப்புறமும் கிளேஸ் பூசப்பட்டு, நுண்ணிய முட்களின் மேல் சுடப்பட்டவை. அவற்றின் அடியில் உள்ள தழும்புகளை இன்றும் எள்ளோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள்.

விறகுச் சூளையிலும் உப்புக் கிளேஸ் சூளையிலும் சாம்பலோ உப்பாவியோ எல்லா இடத்திலும் படிவதால், மெழுகு தடவினால் மட்டும் போதாது. அங்கே அலுமினா ஹைட்ரேட்டையும் சீனக்களிமண்ணையும் ஏறத்தாழச் சம அளவில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, கலத்துக்கும் தட்டுக்கும் இடையே வைக்கிறார்கள். அலுமினா உருக 2000 டிகிரிக்கும் மேல் வேண்டும் என்பதால் உருண்டை கண்ணாடியாவதில்லை. சுட்டபின் விரலால் தள்ளினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இதற்கு 'இடையுருண்டை' என்று எழுதிப் பார்த்தேன். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் விட்டுக்கொடுக்கத் தயங்க மாட்டேன்.

தட்டின் மேல் பூசும் காப்புப் பூச்சு ஒன்று மிச்சமிருக்கிறது. 'சூளைப்பூச்சு' என்று பட்டியலில் இப்போது இருப்பதைப் படிப்பவர் சூளைச் சுவருக்கு அடிக்கும் பூச்சு என்று நினைத்துவிடுவார். 'ஒட்டாப்பூச்சு' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் தோசைக்கல் விளம்பரங்களில் வேறொன்றுக்கு இதே பொருளில் சொற்கள் வழங்குவதால், 'தட்டுக்காப்பு' எப்படியிருக்கும் என்று பட்டறையில் வேலை செய்யும் அன்பர்கள் சொல்லுங்கள்.