ஆமைக்கு ஆன்டிபயாடிக் ஊசி: உங்கள் அனுபவம் என்ன?

கொக்கிரகுளம்_ஆமை:
2023 மார்கழி வெள்ளம். எங்கள் ஸ்லைடர் ஆமைக்குச் சளி. மூக்கில் குமிழ், தண்ணீரில் ஒருக்களித்த மிதப்பு, உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர் என்ரோஃப்ளாக்சசின் இரண்டு ஊசி போட்டிருந்தார். மூன்றாவது ஊசி நாளில் திருநெல்வேலி ஜங்ஷனே தண்ணீருக்குள். மருந்து வீட்டில் இருந்தது, நானே போட்டேன். 0.1 மில்லிதான், அளவு தப்பவில்லை. சலைன் கலக்கச் சொன்னதை மறந்துவிட்டேன். நாலாம் நாள் முன்னங்காலில் ஊசி போட்ட இடம் கறுத்து, புளியந்தோடு மாதிரி இறுகிக் கிடந்தது. தொட்டேன். காலை உள்ளே இழுக்கவே இல்லை. அந்த மருந்தே ஆமைக்கு ஆகாது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

பாளை_அக்கா:
தம்பி, மறந்தது நீங்கள், மருந்து என்ன செய்யும்? என் கதையில் டாக்டரே இல்லை. ஆமைக்குக் கண் வீங்கியிருக்கிறது என்று வளர்ப்பு மீன் கடையில் சொன்னேன், டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். வாளி முழுக்க மஞ்சள். கூனி டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் கழுத்தை நீட்டுகிறது. கண் திறக்கவில்லை. டப்பா எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாளியில் போய் முட்டுகிறது. பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, வைட்டமின் ஏ குறைவாம். இரண்டு வருடமாகக் கூனியைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை நான்.

அம்பை_அண்ணாச்சி:
எங்கள் ஆமை செஃப்டசிடிம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் ஊசியில் பிழைத்தது, கதை அவ்வளவுதான். ஆனால் அக்கா, தம்பி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. என்ரோஃப்ளாக்சசின் ஊசிக்குக் காரம் அதிகம், சலைன் கலந்தாலும் சில சமயம் சதை புண்ணாகும். அதனால்தான் முதல் ஊசிக்கு அப்புறம் வாய்வழி மருந்துக்கு மாற்றுகிறார்கள். செஃப்டசிடிம் அவ்வளவு எரிக்காது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கு, 72 மணி நேரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சீட்டோடு. கலக்கிய மீதியைச் சிரிஞ்சுகளில் பிரித்து ஃப்ரீசரில் வைக்கலாம் (மீனுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனி). எடையைக் கிராம் கணக்காகப் பாருங்கள். பின்னங்காலில் போட வேண்டாம், அங்கிருந்து ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் என்பார்கள். தண்ணீர்ச்சத்து குறைந்த ஆமைக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் போட்டால் சிறுநீரகமே போய்விடும். ஆட்டுக்குப் போடும் பூச்சி மருந்தான ஐவர்மெக்டின் பக்கமே போகாதீர்கள், ஆமையைக் கொன்றுவிடும். அப்புறம் சூடு. உடம்பு குளிர்ந்து கிடந்தால் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. வெள்ளத்தில் சூடு தரும் விளக்கு எரிந்திருக்காதே, தம்பி? ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். குளத்தில் பிடித்த பாலாமை என்றால் பேச்சே வேறு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கவே கூடாது, வனத்துறையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கொக்கிரகுளம்_ஆமை:
எரியவில்லை அண்ணாச்சி. மூன்று நாள் கரண்ட் இல்லை. அட்டைப்பெட்டியில் சுடுதண்ணீர் பாட்டிலோடு வைத்திருந்தேன். மாசியில் பொருக்கு உதிர்ந்தது. இப்போது காலை இழுக்கிறது. நான் தொட்டால் மட்டும் சீறுகிறது.