பாலை பழுத்துவிட்டது

சின்னக்கா, காலை 9:05
எல்லாருக்கும் காலை வணக்கம். இன்றைக்கு விடிய நானும் என்னோடு படிப்பிக்கிற சிநேகிதியும் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் சைக்கிளை விட்டுவிட்டு, அலைகரைப் பக்கக் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு இப்போதுதான் வந்தோம். இரண்டரை மணித்தியாலம். கால் நோகிறது, ஆனால் ஒரு கிழமைக் களைப்பு போன மாதிரி இருக்கிறது. பாலை மரமெல்லாம் பழுத்துவிட்டது!

பெரியம்மா, 9:11
விறகுக்கா போனாய்?

சின்னக்கா, 9:11
இல்லைப் பெரியம்மா, சும்மா நடக்கத்தான்.

பெரியம்மா, 9:13
சும்மா நடக்கிறதுக்கு ஆனைக் காட்டுக்குள்ளேயா பிள்ளை? ரோட்டில் நடந்தால் ஆகாதா?

கனடாச் சித்தி, 9:14
எனக்கு ஆனையைவிட மிதிவெடிதான் பயம். அந்தப் பக்கம் எல்லாம் எடுத்து முடித்துவிட்டார்களா?

சின்னக்கா, 9:24
சித்தி, நாங்கள் போனது பட்டி மாடு தினமும் போய் வருகிற பாதை. அதை விட்டு ஓர் அடிகூட இறங்கவில்லை. பெரியம்மா, இருட்டிலும் போகவில்லை. ஆறேகாலுக்கு, பட்டிக்கார ஐயா மாடுகளைச் சாய்த்துக்கொண்டு முன்னே போன பிறகுதான் கட்டால் இறங்கினோம். குளக்கட்டில் நிற்கும்போது சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிறது, ஆனால் மரங்களுக்குள் கொஞ்சத் தூரம் போனதும் காற்று கீழே இல்லை, மேலே இலைதான் இரைகிறது. வீரையும் பாலையும் நெருங்கி நிற்கிற இடத்தில் நிலம் அப்படிக் குளிர். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்துகிற நாங்கள் இரண்டு பேரும் அரை மணித்தியாலம் ஒரு சொல் கதைக்கவில்லை. பாதை நடுவே ஒரு காட்டுச் சேவல் சருகைக் கிளறிக்கொண்டு நின்றது. இவ்வளவு கிட்ட நான் கண்டதில்லை. கொண்டை சிவப்பு, அதன் நடுவில் மட்டும் மஞ்சள், யாரோ தூரிகையால் தொட்டு வைத்த மாதிரி. எங்களைப் பார்த்துவிட்டு ஓடவில்லை, நடந்துதான் பற்றைக்குள் போனது.

தம்பி, 9:26
படம் எடுத்தாயா?

சின்னக்கா, 9:26
எடுக்கவில்லை. போனை எடுக்கக் கையை அசைத்தால் போய்விடும் என்று நின்றேன்.

பெரிய மாமா, 9:38
பிள்ளை, கதைக்காமல் போனது பிழை. பாலை பழுக்கிற காலத்தில் கரடி அந்த மரத்தடியை விட்டுப் போகாது. விழுந்த பழத்தை மூக்கால் துழாவிக்கொண்டு நிற்கும்போது அதற்கு வேறொன்றும் கேட்காது, கிட்டப் போய் முட்டுப்பட்டால்தான் திடுக்கிட்டுப் பாயும். தானாகத் தேடி வந்து மனிதரைப் பிடிக்கிற சீவன் இல்லை அது. ஆகவே பாலை நிற்கிற இடம் வந்தால் சத்தமாகக் கதையுங்கள், தடியால் மரத்தில் தட்டுங்கள், அது தன் பாட்டில் விலகிவிடும். மரத்தில் நகக் கீறல் கண்டாயா?

சின்னக்கா, 9:41
கண்டேன் மாமா. ஒரு மரத்தில் என் தலைக்கு மேல் வரைக்கும் நீளக் கீறல். பக்கத்தில் எச்சமும் கிடந்தது, முழுக்கப் பாலை விதை, கழுவி வைத்த மாதிரிப் பளபளப்பு. காய்ந்துபோய்த்தான் இருந்தது. அதைக் கண்ட பிறகு இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினோம்.

அம்மா, 9:43
எனக்கு ஏன் நேற்றே சொல்லவில்லை?

சின்னக்கா, 9:44
சொன்னால் விடமாட்டீர்கள் அம்மா. இனிமேல் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

தம்பி, 9:45
ஆனை நின்றதா?

சின்னக்கா, 9:52
ஆனை இல்லை, அடிதான். பேராறு இப்போது காய்ந்து மணலாகக் கிடக்கிறது, மருத மரங்களின் கீழே கால் வைத்தால் குளிர்ந்த மா மாதிரி. அதில் ஆனை கடந்து போன தடம். முன்காலடியைச் சுற்றிப் பிடித்து இரண்டு மடங்கு ஆக்கினால் தோள் உயரம் வரும் என்று மாமா முன்பு சொன்னது நினைவு வந்து, என் சால்வையைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் அளந்தால் 4 அடி 1 அங்குலம்.

பெரிய மாமா, 9:55
அப்படியென்றால் எட்டடிக்குக் கொஞ்சம் மேல். அடியின் விளிம்பு கூராக இருந்ததா, உதிர்ந்து இருந்ததா?

சின்னக்கா, 9:56
உதிர்ந்துதான். உள்ளே பூச்சி ஊர்ந்த கோடும் இருந்தது.

பெரிய மாமா, 9:58
சரி, அது அன்றைய அடி இல்லை. விளிம்பு கூராக, மணல் ஈரமாக இருந்தால் அப்படியே திரும்பிவிட வேண்டும். காற்றையும் பார். எங்கள் முதுகில் காற்று அடித்தால் எங்கள் மணம் எங்களுக்கு முன்னே போய்விடும். மிதிவெடிக் கதையும் சும்மா இல்லை. முல்லைத்தீவில் அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. எடுத்தாயிற்று என்று சொன்ன இடத்திலும் பாதையை விட்டு இறங்கக் கூடாது, சிவப்புப் பலகை கண்டால் எட்டி நின்று பார்க்கவும் வேண்டாம்.

சின்னக்கா, 10:03
ஓம் மாமா. ஒன்றுதான் மனதை நோகடித்தது. திரும்பி வரும் வழியில் ஒரு முதிரை மரத்தின் அடிக்கட்டை. என் கையால் கட்டிப்பிடித்தால் விரல் முட்டாது, அவ்வளவு தடிப்பு. வெட்டு இன்னும் மஞ்சளாக, ஈரமாக இருந்தது, மரத்தூள் சருகெல்லாம் கிடக்கிறது. சிநேகிதி அதில் கை வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவளுடைய அப்பா மரவேலை செய்தவர்.

பெரிய மாமா, 10:06
முதிரை அந்தத் தடிப்புக்கு வர என் வயது போதாது. எந்த இடம் என்று எனக்குத் தனியாகச் சொல், கிராம சேவகரிடம் போய்ச் சொல்லுகிறேன். நீங்கள் பிள்ளைகள் யாரிடமும் கேட்டுக்கொண்டு திரிய வேண்டாம்.

கனடாச் சித்தி, 10:10
இங்கே நடக்கிற பாதைக்கெல்லாம் பெயர்ப்பலகையும் வரைபடமும் உண்டு, மரங்களும் வடிவுதான், ஆனால் ஒரு மரத்தின் பெயரும் என் வாயில் வருவதில்லை. பாலை, வீரை என்று நீ எழுதியதை வாசிக்கவே உதடு ஒட்டுகிறது. அக்கா, உனக்கு நினைவிருக்கா, அம்மா விறகு கட்டி முடிக்கும் வரைக்கும் நாங்கள் மரத்தடியில் இருந்து பழம் பொறுக்கித் தின்று, பால் ஒட்டி வாய் திறக்க முடியாமல் வீட்டுக்கு வந்தது?

அம்மா, 10:14
நினைவில்லாமலா. அம்மா தேங்காய் எண்ணெய் பூசித்தான் துடைத்துவிடுவா. மிச்சப் பழத்தைக் காய்ச்சிப் பாணியாக்கிப் போத்தலில் விட்டு வைப்பா. 2009 இல் இடம்பெயர்ந்த பிறகு நான் அந்தக் காட்டுக்குள் போகவே இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தும் குளக்கட்டோடு நின்றுவிட்டேன்.

சின்னக்கா, 10:15
அடுத்த சனிக்கிழமை வாருங்கள் அம்மா. முதல் மருத மரம் வரைக்கும் போவோம், அது தூரம் இல்லை. மாமாவும் வருவார்.

பெரிய மாமா, 10:17
வருகிறேன். ஆறு மணிக்குக் கட்டில் நிற்பேன்.

தம்பி, 10:18
நான் ஓகஸ்ட் லீவுக்கு வரும்போதும் போகலாமா?

பெரிய மாமா, 10:19
நடக்கலாம். பழம் இராது.

பெரியம்மா, 10:22
போவதென்றால் காலுக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு போங்கள், இப்போது மான் உண்ணி இலை நுனியெல்லாம் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வெளியிலேயே கழற்றி உதறுங்கள். எனக்கும் கொஞ்சப் பழம்.

அம்மா, 10:31
பை கொண்டுவர வேண்டாம் பிள்ளை, பழம் நசிந்துபோகும். சின்ன வாளி போதும், அடியில் இலை போட்டு எடுத்துவருவோம். நான் வருகிறேன்.