புதுப்பிப்பு: உபுண்டுவில் எழுத மறுத்த டி டிரைவ் சரியாகிவிட்டது

என் லேப்டாப்பில் விண்டோஸின் டி டிரைவை, விண்டோஸுடன் சேர்த்து வைத்திருக்கும் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) திறந்து காட்டுகிறது, அதில் எதையும் எழுத (சேமிக்க) மட்டும் விடுவதில்லை என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் வசதியை) நிறுத்துங்கள்' என்ற யோசனைதான். அது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிஸ்க் ஃபார்மட்) டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்த நாட்களில் மட்டும் தொல்லை இல்லாததற்கும் இதுவே காரணம். பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்தேன், தீர்ந்தது. பெங்களூரு அல்சூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் டிஸ்க்கையே மாற்றச் சொன்னார். நல்லவேளை, கேட்கவில்லை.

எதிர்பாராத ஒன்று: தங்கையின் மேக்குக்காக 6 ஜிபி கல்யாண வீடியோவை பென் டிரைவில் ஏற்றினால், 20 ஜிபி காலியாக இருந்தும் ஏறவில்லை. பென் டிரைவில் இருந்த ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாதாம். பெரிய கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்ததும் மேக் ஏற்றுக்கொண்டது. அம்மாவின் பழைய டிவிதான் அந்த பென் டிரைவை ஏற்க இன்னும் முரண்டு பிடிக்கிறது.