டார்ப்பருக்குத் தமிழ்ச்சொல்: 'ஒடுங்குநிலை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சில விலங்குகளும் பறவைகளும் ஆற்றலைச் சேமிக்க, உடல் வெப்பத்தையும் இதயத்துடிப்பையும் சில மணிநேரம் வெகுவாகக் குறைத்துக்கொள்ளும் நிலையே டார்ப்பர் (torpor). அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட 'இரவுத்துயில்', 'மயக்கநிலை' ஆகியவற்றுள் 'இரவுத்துயில்' எனக்கு உடன்பாடில்லை. துயில் வேறு, இது வேறு. தூங்கும் பறவையைத் தொட்டால் சட்டென்று விழித்துப் பறந்துவிடும். டார்ப்பரில் இருக்கும் ஓசனிச்சிட்டோ (ஹம்மிங்பேர்ட்) இறகுகளைச் சிலிர்த்து, அலகை மேல்நோக்கி நீட்டி, கிளையைப் பற்றியபடி உயிரற்றதுபோல் இருக்கும். தொட்டாலும் அதனால் பறக்க இயலாது. தசைகளை நடுக்கி உடலைச் சூடேற்றிக்கொள்ள 20 நிமிடங்களோ அதற்கு மேலுமோ பிடிக்கும்.

'மயக்கநிலை' இன்னும் பொருந்தாது. மயங்கிய உடல் தன்வசம் இழந்தது. இங்கே அப்படியில்லை. பகலில் 40 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் உடல் வெப்பம், பெருவின் ஆண்டீஸ் மலையில் ஓர் ஓசனிச்சிட்டில் 3.3 பாகை வரை இறங்கியதை அளந்திருக்கிறார்கள். பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கும் இதயம் ஐம்பதை நெருங்கும் அளவுக்குத் தணியும். ஆனாலும் வெப்பம் ஒரு வரம்புக்குக் கீழே போகப் பார்த்தால் உடலே வெப்பத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே 'ஒடுங்குநிலை' என்கிறேன். மூச்சு ஒடுங்கியது, புலன் ஒடுங்கியது என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். 'சிட்டு ஒடுங்கியது' என்று வினையாகவும் எழுதலாம். கலைச்சொல்லுக்கு இது பெரிய வசதி. 'ஒடுக்கம்' சுருக்கமானதுதான், ஆனால் பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினைக்கு அது நிலைபெற்றுவிட்டது. 'இரவு' என்ற முன்னொட்டும் வேண்டாம். வௌவால்கள் பகலில் ஒடுங்குகின்றன. குளிர்காலம் நெடுக நீளும் ஹைபர்னேஷனுக்குக் 'குளிர்கால உறக்கம்' வழக்கில் ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டியதில்லை.

மகரந்தச் சேர்க்கை பற்றி எழுதுவோருக்கும் இச்சொல் தேவைப்படும். ஆண்டீஸ் உயரங்களில் குளிரிலும் மழையிலும் தேனீக்கள் முடங்கும்போது, பல காட்டுச் செடிகளுக்கு ஓசனிச்சிட்டுதான் கதி. வாளலகு ஓசனிச்சிட்டின் அலகு, வால் நீங்கலான உடலைவிட நீளமானது. பாசிஃப்ளோரா மிக்ஸ்டா என்ற கொடியின் நீண்ட பூக்குழலின் அடி வரை எட்டி, மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசெல்கிறது. தேன் கிடைக்காத குளிர் இரவுகளை ஓசனிச்சிட்டுகள் கடக்கப் பெரிதும் உதவுவது ஒடுங்குநிலை. இப்படிப்பட்ட ஒன்றை 'ஒருவகைத் தூக்கம்' என்று எழுதிக் கடந்துபோக மனம் வரவில்லை.

ஒடுங்குநிலையிலிருந்து மீளும் கட்டத்தை இப்போதைக்கு 'மீள்சூடேற்றம்' என்று எழுதிவருகிறேன். இன்னும் இயல்பான சொல் தோன்றினால் தெரிவியுங்கள்.